செர்ரி கேட்ட அக்காவுக்குக் களா வேலி: ஒரு கொல்லையின் ஐந்து வருடக் கணக்கு

2020 ஊரடங்கில் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டில் இரண்டு மாதம் மாட்டிக்கொண்டேன். அக்கா மகள் பிறந்தநாளுக்குக் குக்கரிலேயே ஒரு கேக் செய்தார்கள். மேலே வைக்க மளிகைக் கடையிலிருந்து ஒரு சின்னப் பொட்டலம் சிவப்பு செர்ரி வந்தது. அதில் ஒன்றைப் பிட்டுப் பார்த்த அக்கா, "ஏன்டா தம்பி, இது எந்த மரத்துல காய்க்குது? நம்ம கொல்லையில வச்சா வருமா?" என்று கேட்டாள்.

"வருமாவா? கந்தர்வகோட்டைப் பெரியம்மா வீட்டு வேலியே அதுதானே" என்றேன். அவள் நம்பவில்லை.

நிஜமான செர்ரி குளிர்நாட்டு மரம். காஷ்மீரிலும் இமாசலத்திலும் காய்க்கும். குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே 700, 1000 மணி நேரம் கிடந்தால்தான் பல ரகங்களில் மொட்டே ஒழுங்காக விரியும். மார்கழிப் பனிக்கே போர்வை தேடும் டெல்டாவில் அதற்கு வழியில்லை. கடைப் பொட்டலத்தில் செர்ரி என்ற பெயரில் வருவது பல நேரம் களாக்காய்தான். கொட்டையை எடுத்து, உப்புநீரில் ஊறப்போட்டு, சர்க்கரைப் பாகை நாளுக்கு நாள் கெட்டியாக்கி ஏற்றி, சிவப்புச் சாயம் சேர்த்துவிடுவார்கள். எங்கள் பக்கம் கிளாக்காய் என்றும் சொல்வோம். அரளி, நந்தியாவட்டை குடும்பத்தைச் சேர்ந்த செடி. எங்கே கிள்ளினாலும் பால் வரும். இரண்டாகப் பிரிந்த முள், மல்லிகையை நினைவூட்டும் வெள்ளைப் பூ, பழுத்தால் கறுப்புக்குப் பக்கத்தில் போகும் ஊதா. யாழின் கரிய தண்டுக்குச் சங்கப் பாட்டில் உவமையாக வந்த களங்கனி இதுதான். செர்ரி என்று ஆசைப்பட்டவளுக்கு இதைச் சொன்னபோது கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனால் வேலி என்ற சொல்லைக் கேட்டதும் அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அவருக்கு வேலி ஒரு தீராத தலைவலி. முன்பெல்லாம் மூங்கில் முள்ளை வெட்டிவந்து வருடா வருடம் வேலி கட்டுவார்கள். இப்போது அதற்கு ஆளும் இல்லை, முள்ளும் இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை வந்த கஜா புயல், இருந்த வேலியோடு இரண்டு தென்னையையும் மாட்டுக்கொட்டகையையும் சேர்த்துச் சாய்த்துவிட்டது. அதன் பிறகு கொல்லை ஊர் ஆடுகளின் மேய்ச்சல் காடு.

நாற்று என்னிடமே இருந்தது. 2019 ஆனியில் பெரியம்மா வீட்டு வேலியில் பொறுக்கிய பழங்களைத் தஞ்சாவூர் வீட்டு மாடியில் பைகளில் விதைத்திருந்தேன். களா விதை காத்திருக்காது. பழத்திலிருந்து எடுத்துச் சதையைக் கழுவிவிட்டு நிழலில் ஒன்றிரண்டு நாள் உலர்த்தி உடனே ஊன்ற வேண்டும். பொட்டலம் கட்டி அடுத்த வருடத்துக்கு வைத்தால் முளைப்பு படுத்துவிடும். குச்சி வெட்டி நட்டும் பார்த்தேன், பன்னிரண்டில் ஒன்றுகூட வேர் பிடிக்கவில்லை. நல்ல காய்க்கும் செடியை அப்படியே வேண்டுபவர்கள் மழைக்காலத்தில் விண்பதியம் போடுவதுதான் வழி. விதை நாற்று முதல் வருடம் நம் பொறுமையைச் சோதிக்கும். ஒரு வருடம் கழித்தும் என் நாற்றுகள் முழங்காலுக்குக் கீழேதான் நின்றன.

எந்த நாள் நடுவது என்று யாரும் யோசிக்கவில்லை. அந்த வருடம் மேட்டூர் எட்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகச் சரியாக ஜூன் 12-ல் திறந்திருந்தது. ஆடிப்பெருக்கன்று வாய்க்காலில் நிஜமாகவே தண்ணீர் ஓடியது. அன்றைக்கே நட்டோம்.

கொல்லையின் மேற்குப் பக்கம் தெருவை ஒட்டியது. பழைய மண்சுவர் கரைந்து மேடிட்ட இடம். அங்கே 20 செடி. தெற்குப் பக்கம் பக்கத்துக்காரர் வயலை ஒட்டியது. அங்கே 28. இரண்டரை அடிக்கு ஒரு செடி. வேலிக்கு இந்த நெருக்கம் சரி. காய்க்காக மட்டும் வைப்பதென்றால் ஆறேழு அடி விடவேண்டும். ஒன்றரை அடிக் குழி, ஒரு கூடை மக்கிய எரு, எடுத்த மண்ணையே போட்டு மிதித்து மூடியாயிற்று. கிளம்பும்போது பெரியம்மா சொல்வதை அத்தானிடம் அப்படியே ஒப்பித்தேன்: "இதுக்குக் கவனிப்பே வேணாம். தண்ணிகூட ஊத்த வேணாம்."

இந்தக் கணக்கில் முதல் தவறு அந்த வாக்கியம். அதைச் சொன்னவன் நான்.

தை மாதத்து மஞ்சள்

அக்டோபர் வரை எல்லாம் நன்றாகவே போயிற்று. மேற்கில் ஒரு செடியின் கொழுந்தை ஆடு கடித்து, அது மட்டும் போனது. அப்புறம் மழை. நவம்பர் கடைசியில் நிவர் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியது. டிசம்பர் முதல் வாரத்தில் புரெவி மன்னார் வளைகுடாவில் நின்றபடி டெல்டா முழுக்கக் கொட்டித் தீர்த்தது. அது போதாதென்று 2021 ஜனவரியில், அறுப்புக்கு நின்ற சம்பா முளைத்துப் போகும் அளவுக்குப் பருவம் தவறிய மழை. தைப் பொங்கல் முடிந்து அத்தான் போன் செய்தார். தெற்குப் பக்கம் இலை மஞ்சளாகித் தொங்குகிறது, நுனி காய்கிறது, இரண்டு தடவை யூரியா வைத்துத் தண்ணீரும் ஊற்றினேன், கேட்கவில்லை என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நெல்லில் மஞ்சள் கண்டால் யூரியா, தலை தொங்கினால் தண்ணீர் என்பது நாற்பது வருடத்துக் கைப்பழக்கம். ஆனால் நெல்லின் வேருக்குள் காற்றுப் போக வழி இருக்கிறது. இலையிலிருந்து காற்று இறங்கி வேருக்குப் போய்விடும். அதனால்தான் அது தண்ணீரில் நின்று விளைகிறது. களாவுக்கு அப்படி ஏதும் இல்லை. மண்ணின் இடுக்குகளில் இருக்கும் காற்றைத்தான் அதன் வேர் நம்பியிருக்கிறது. களிமண்ணில் அந்த இடுக்குகள் மிக நுண்ணியவை. தண்ணீர் புகுந்துவிட்டால் வாரக்கணக்கில் வெளியே போகாது. காற்று கிடைக்காத வேர் அழுகும். அழுகிய வேர் நீர் உறிஞ்சாது. அதனால் தண்ணீரில் நிற்கும் செடி தாகத்தில் வாடுவதுபோல் தெரியும். அதைப் பார்த்து நாம் இன்னும் இரண்டு குடம் ஊற்றுவோம்.

மாசியில் போய்ப் பார்த்தபோது தெற்கில் 28-ல் 19 செத்திருந்தன. ஒன்றைப் பிடுங்கினேன். இழுக்கிற சிரமமே இல்லாமல் வந்தது. வேரின் மேல்தோல் விரலில் உறைபோல் உருவிக்கொண்டு வந்தது, சாக்கடை நாற்றம். மேற்கில் ஒரு செடியின் ஓரத்தை லேசாகத் தோண்டினால் வேர்நுனி வெள்ளை வெளேரென்று இருந்தது. ஒரே விதை, ஒரே நாள், ஒரே கை. இடையில் முப்பது தப்படி தூரம்.

காரணம் இன்னும் உறுதியாக வேண்டும் என்று தெற்கு ஓரத்தில் ஒன்றரை அடிக் குழி தோண்டி வைத்துவிட்டுப் படுத்தோம். மழை விட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. காலையில் பார்த்தால் குழியின் விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரை தண்ணீர் ஏறி நின்றது. பக்கத்து வயலில் நின்ற நீர் மண்ணுக்குள்ளாகவே ஊறி வருகிறது. நாங்கள் எரு போட்டு நட்ட குழிகள் ஒவ்வொன்றும் களிமண்ணில் புதைத்த பானைபோல அந்த நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன.

கந்தர்வகோட்டையில் பெரியம்மா வீடு இருப்பது சரளை கலந்த செம்மண் மேட்டில். அடைமழை விட்டு ஒரு மணி நேரத்தில் செருப்பில் சேறு ஒட்டாமல் நடக்கலாம். நீடாமங்கலம் அப்படியில்லை. வெண்ணாறு வெண்ணாறாகவும் கோரையாறாகவும் பாமணியாறாகவும் பிரியும் இடம். ஆறுகள் காலகாலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டலும் களியும்தான் நிலம். இரண்டுக்கும் பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள்தான். பெரியம்மா சொன்ன "தண்ணி வேணாம்" அந்த மேட்டுக்குச் சரி. நான் அதை நாற்றுப் பைகளோடு சேர்த்துத் தூக்கிவந்துவிட்டேன். வறட்சி தாங்கும், ஓரளவு உப்புமண்ணும் தாங்கும், ஆனால் கால் நனைந்து நிற்பது மட்டும் ஆகாது. டெல்டாவில் வருடத்தில் மூன்று மாதம் நடப்பதோ அதுதான்.

கொட்டகை இடிபாடு

தெற்கு ஓரத்தை மேடாக்குவது என்று முடிவானது. ஆற்றுமணல் வாங்கும் விலையில் இல்லை. கஜாவில் விழுந்த மாட்டுக்கொட்டகையின் மண்சுவர் இடிபாடும் உடைந்த நாட்டு ஓடும் கொல்லை மூலையில் இரண்டரை வருடமாகக் கிடந்தன. பாம்பு அடையும் என்று அக்கா தினமும் திட்டிக்கொண்டிருந்த குவியல் அது. ஓடுகளை இன்னும் சின்னதாக உடைத்து அடியில் பரப்பி, அதன்மேல் இடிபாட்டு மண், அரை டிராக்டர் செம்மண், எரு எல்லாம் கலந்து ஒன்றரை அடி உயரம், மூன்றடி அகலத்தில் கரை போட்டோம். கரைக்கும் வயலுக்கும் நடுவில் ஒரு முழ ஆழத்துக்கு வடிகால். அது கொல்லைக் கோடியில் இருக்கும் வாய்க்காலில் போய்ச் சேரும். பிழைத்திருந்த 9 செடியையும் சித்திரைக்கு முன்பே மண்ணோடு பெயர்த்து மேலே ஏற்றினோம். அதில் இரண்டு வெயிலில் போய்விட்டன. மாடியில் மிச்சமிருந்த நாற்றில் 12-ஐச் சேர்த்து, இந்த முறை ஆவணியில் நட்டோம். தென்கிழக்கு மூலை கொல்லையிலேயே தாழ்ந்த இடம். அங்கே களாவே வைக்கவில்லை. நொச்சியும் ஆடாதொடையும் குச்சி வெட்டிச் செருகினோம். நொச்சி ஈரத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை, இரண்டிலும் ஆடு வாய்வைக்காது.

நடும்போது குழியில் எருவை நிரப்பவில்லை. கரை மண்ணிலேயே கலந்திருந்தது. செடியின் கழுத்து சுற்றுமட்டத்தைவிட இரண்டு விரல் மேலே இருக்கும்படி வைத்தோம். இது சின்ன விஷயம் மாதிரி இருக்கும். மண் அமுங்கிய பிறகு செடியைச் சுற்றிக் கிண்ணம் விழுந்தால் மறுபடி அதே கதை என்பதால் இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

2021 நவம்பரிலும் நல்ல மழை. வடிகால் நிரம்பி ஓடியது. கரையில் ஒரு செடிகூட மஞ்சளாகவில்லை. 2022-ல் மேட்டூரை மே 24-லேயே திறந்தார்கள். பக்கத்து வயல் வழக்கத்தைவிட முன்னாலேயே ஈரமாயிற்று. அதையும் தாண்டிவிட்டது. முதல் கோடையில் மட்டும் பத்து நாளைக்கு ஒருமுறை ஒரு குடம். அதன்பின் செடி பிழைக்கத் தண்ணீர் தேவைப்படவில்லை. பெரியம்மா சொன்னது இப்போதுதான் பலித்தது.

பூக்காத வேலி

2023 வாக்கில் மேற்கு வேலி இடுப்புயரம் தாண்டி, ஆடு எட்டிக்கூடப் பார்க்க முடியாதபடி அடைந்துவிட்டது. அத்தானுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. அக்காவுக்குக் கிடைக்கவில்லை. மூன்றாம் வருடம் காய்க்கும் என்று சொல்லியிருந்தேன். பங்குனியில் போய்ப் பார்த்தால் நாலைந்து பூ. காய் என்று எண்ணினால் ஒரு கைப்பிடி.

நான் முதலில் சந்தேகப்பட்டது யூரியாவை. சம்பாவுக்குப் போட்டு மிஞ்சியதை வேலிக்கும் வீசும் பழக்கம் அத்தானுக்கு இருந்தது. தழைச்சத்து அதிகமானால் இலை தழைக்கும், பூ குறையும். நிறுத்தச் சொன்னேன், நிறுத்தினார். 2024-ல் பூ வந்தது. ஆனால் வந்த விதம்தான் விசித்திரம். மேற்கு வேலியின் வடக்குப் பாதி முழுக்க வெள்ளை வெள்ளையாகக் கொத்து, தேனீ இரைச்சல். தெற்குப் பாதியில் அங்கொன்றும் இங்கொன்றும். யூரியா காரணம் என்றால் இப்படிக் கோடு கிழித்ததுபோல் பாதியில் நிற்குமா?

அந்த வேலியை வெட்டுகிற பெரியவரிடம் கேட்டேன். போகிக்கு முதல் நாள் வீடு வாசல் சுத்தம் செய்யும்போது வேலியையும் ஒழுங்காக்கிவிடுவது அக்கா வீட்டு வழக்கமாகிவிட்டது. வருடா வருடம் அவர்தான் வருவார். இந்த முறை பாதி வெட்டும்போது அறுப்பு மிஷின் வந்துவிட்டது என்று ஆள் வர, அறுவாளை வைத்துவிட்டுப் போனவர் திரும்பவில்லை. "மீதியைப் பங்குனித் திருவிழாவுக்கு முன்னால வெட்டித் தர்றேன் தம்பி" என்றார், கடன் வைத்த குரலில்.

அவர் வெட்டாமல் விட்ட பாதிதான் பூத்த பாதி.

களா பூங்கொத்து வைப்பது கிளையின் நுனியில். மழைக்காலம் முழுக்கத் தழைத்து வளர்ந்த சிம்பு, தை கழிந்து வெயில் ஏறும்போது நுனியில் மொட்டுக் கட்டி மாசி, பங்குனியில் பூக்கும். மார்கழிக் கடைசியில் வேலியை மேசைபோல் சமமாக வெட்டினால் பூக்க வேண்டிய நுனிகள் எல்லாம் போகித் தீயில். திரும்பத் துளிர்க்கும், அது வேறு. அந்தத் துளிர் முதிர்ந்து பூக்க நேரம் வேண்டும். அதற்குள் பங்குனியில் திருவிழாவுக்கு இன்னொரு வெட்டு. நானே ஒவ்வொரு பொங்கலுக்கும் அந்த வேலியைப் பார்த்து "சூப்பரா வெட்டியிருக்காரே" என்று சொன்னவன்தான். பூங்கொத்து எங்கே வருகிறது என்று ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் இரண்டு வருடம் மிச்சம்.

பங்குனி வெட்டை நிறுத்தினோம். அந்த ஆனியில் வடக்குப் பாதியில் மட்டும் மூன்று படி பழம். பறித்து முடிந்ததும் ஆடிக் கடைசியில் கவாத்து செய்தோம். காய்ந்த கிளைகளையும் உள்ளே குறுக்கே ஓடுபவற்றையும் முதலில் வெட்டினோம், பிறகு நுனியில் ஒரு சாண். அடிப்பக்கம் வெயில் படும்படி வேலியின் பக்கவாட்டை மேலே குறுகலாக, கீழே அகலமாக விட்டோம். மேல்புறம் அகன்றுவிட்டால் அடி மொட்டையாகி ஆடு நுழைய வழி விடும். ஆவணி மழைக்கு முன் செடிக்கு அரைக் கூடை எரு. அவ்வளவுதான் தீனி.

வெட்டிய முள்ளை வேலிக்குப் பக்கத்திலேயே போட்டுவிடாதீர்கள். அத்தானின் சைக்கிள் டயர் இரண்டு, என் குதிகால் ஒன்று. காய்ந்த முள் ஈரமுள்ளைவிடப் பொல்லாதது. நாங்கள் அதை வாழைக்கன்றுகளைச் சுற்றிப் போட்டு ஆட்டுக்குக் காவலாக்கினோம். பூச்சி என்று பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஒரு கோடையில் கொழுந்தில் மாவுப்பூச்சி ஏறி, அதன் பின்னாலேயே எறும்பு வரிசை. அந்தக் கொழுந்துகளைக் கிள்ளி எரித்துவிட்டுத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியதிலேயே அடங்கிவிட்டது.

2025-ல் இரண்டு பக்கமும் சேர்த்துப் பதினெட்டு கிலோ. தெற்குக் கரைச் செடிகள் இளசு என்பதால் பெரும்பங்கு மேற்கினுடையது. சித்திரையில் காய் பிடிக்கும்போது வெயில் கடுமையாக இருந்ததால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீர் விட்டோம். அதற்கு முந்தைய வருடத்தைவிடப் பிஞ்சு உதிர்வது குறைவாகத் தெரிந்தது.

பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பந்த் மனோகர், பந்த் சுதர்சன், பந்த் சுவர்ணா, கொங்கண் பக்கத்தின் கொங்கண் போல்டு என்று தேர்வு செய்த ரகங்கள் உண்டு. பெரிய காயாக, ஒரே அளவாக வேண்டுபவர்கள் அவற்றின் பதியச் செடியைத் தேடலாம். எங்கள் வேலியில் ஒரு செடி கோலி அளவு காய்க்கிறது, அடுத்தது சுண்டைக்காய் மாதிரி. வீட்டு வேலிக்கு எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஆனால் "செர்ரிச் செடி" என்று கேட்டு நர்சரியில் வாங்காதீர்கள். தேன்பழ மரம், பார்படாஸ் செர்ரி, சுரினாம் செர்ரி என்று எதை வேண்டுமானாலும் அந்தப் பெயரில் கையில் கொடுப்பார்கள். மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நல்ல பழங்கள்தான், ஆனால் ஆட்டைத் தடுக்கும் முள்வேலியாகாது. களா என்று கேளுங்கள், முள்ளைப் பார்த்து வாங்குங்கள்.

காயாக இருக்கும்போதே பறித்தவற்றை அக்கா ஊறுகாய் போட்டாள். அறுக்கும்போது பால் கத்தியிலும் விரலிலும் பிசினாக ஒட்டும். உப்புத் தண்ணீரில் போட்டு வைத்தால் விட்டுவிடும், கைக்கு நல்லெண்ணெய். கன்னிப்போன செங்காயைப் பச்சை மிளகாயோடு அரைத்த துவையல்தான் என் கட்சி. நன்கு பழுத்ததை அப்படியே உப்புத் தொட்டுச் சாப்பிடலாம். சட்டையில் சொட்டினால் கறை போகாது. பழத்தில் கூழ்ப்பசை நிறைய என்பதால் ஜாம் தானாகவே இறுகிக்கொள்கிறது.

கடைசியில் செர்ரியும் செய்தாள். அரைக் கிலோ காயைக் கொட்டை எடுத்து, உப்புநீரில் ஊறவைத்துக் கழுவி, ஐந்து நாள் தினமும் பாகைச் சுண்டவைத்து ஊற்றினாள். சாயம் போடவில்லை. கேக்கின் மேல் மங்கிய இளஞ்சிவப்பும் பச்சையுமாக உட்கார்ந்திருந்ததை அக்கா மகள் ஒரு நிமிடம் பார்த்தாள். அப்புறம் ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "கடைச் செர்ரிக்கு ருசியே கிடையாதுன்னு இப்பத்தான் தெரியுது மாமா" என்றாள்.

இந்தப் போகிக்கு முதல் நாள் பெரியவர் வழக்கம்போல அறுவாளோடு வந்து நின்றார். அக்கா அவரைத் தென்கிழக்கு மூலைக்குக் கூட்டிப் போய் நொச்சியைக் காட்டினாள்.